பேச வராதவனும் நாற்காலி வட்டமும்: போதை மீட்பு மருத்துவ வரலாற்றில் ஒரு விடுபடல்

போதைப் பழக்கத்துக்கான மருத்துவத்தின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாக எழுதுவோர் உண்டு. சட்டங்களின் வரலாறாக எழுதுவோரும் உண்டு. இலக்கியம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு அது ஒரு கதைசொல்லும் முறையின் வரலாறாகவே தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய மீட்பு மருத்துவத்தின் நடுவில் இருப்பது மருந்தன்று, பேச்சு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்ந்து, ஒருவர் தம் வீழ்ச்சியையும் மீட்சியையும் மற்றவர் கேட்கச் சொல்வது. அவ்வாறு சொல்ல வல்லவர்களுக்கு அது உயிர் கொடுத்தது என்பதில் ஐயமில்லை. சொல்ல வராதவர்கள் என்ன ஆனார்கள் என்பதே இங்கு நான் கேட்க விரும்புவது. குறிப்பாக, ஆட்டிசம் உடைய இளைஞர்களும், ஏ.டி.எச்.டி. என்று எழுத்துகளால் சுருக்கி அழைக்கப்படும் கவனக்குறைவும் மிகையியக்கமும் உடைய இளைஞர்களும்.

1935ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கதை தொடங்குகிறது. இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம் திறந்து பேசும்போது குடிக்கும் வேட்கை தணிகிறது என்பதே அவர்களது கண்டுபிடிப்பு. அதற்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்தவச் சமய இயக்கத்தில் இருவருக்கும் தொடர்பு இருந்தது. பாவத்தைப் பிறர்முன் அறிக்கையிடுதல் அக்குழுவின் வழக்கம். 1939இல் வெளியான ஏ.ஏ.யின் அடிப்படை நூல் அவ்வழக்கத்தைப் பன்னிரண்டு படிகளாக வகுத்தது. தன் குற்றங்குறைகளைக் கணக்கெடுத்து இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வதும் அப்படிகளில் அடக்கம்.

அந்நூலில் ஓரிடம் எனக்கு எப்போதும் நெருடலாக இருக்கும். இவ்வழியில் வந்தும் மீளாதோர் சிலர் உண்டு என்று கூறும் நூல், அவர்கள் தம்மிடமே நேர்மையாக இருக்க இயலாத அமைப்புடையவர்கள் என்கிறது. அது அவர்கள் குற்றமன்று, பிறவியிலேயே அப்படி என்று இரக்கத்தோடும் சொல்கிறது. இரக்கம் உண்மையானதுதான். ஆனால் முறை தோற்றால் தோல்வி நோயாளியின் இயல்பில் இருக்கிறது என்ற எண்ணம் முதற்பதிப்பிலேயே இடம்பிடித்துவிட்டது. பேசாதவன் மறைக்கிறான், மறைப்பவன் நேர்மையற்றவன். இந்தச் சமன்பாடு பின்னாளில் எத்தனை இளைஞர்மேல் பாய்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1949இல் மின்னசோட்டா மாநிலத்தில் ஹேசல்டன் நிலையம் தொடங்கப்பட்டது. ஏ.ஏ.யின் படிகளும் மருத்துவர், உளவியலாளர், மீண்டவரான ஆலோசகர் ஆகியோரின் கூட்டுப்பணியும் அங்கும் அம்மாநிலத்து வில்மர் மருத்துவமனையிலும் இணைந்தன. மின்னசோட்டா முறை என்று பெயர்பெற்ற அதன் வடிவம் பலரும் அறிந்தது. 28 நாள் உள்ளுறைதல், காலையிலிருந்து இரவுவரை வகுத்த அட்டவணை, விரிவுரை, குழு அமர்வு, எழுதிப் படிக்கும் தன்வரலாறு. நமக்கும் இதனோடு நேரடித் தொடர்பு உண்டு. 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை நிறுவிய சாந்தி ரங்கநாதன் பயிற்சி பெற்றது ஹேசல்டனில்தான்.

வளர்ந்தவர்களுக்காக, அதுவும் வேலையும் குடும்பமும் இருந்து இழந்தவர்களுக்காக அமைந்தது இந்த முறை. இளைஞர்களுக்கு என்ன இருந்தது? நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் நார்த் பிரதர் என்றொரு சிறு தீவு உண்டு. டைஃபாய்டு மேரி என்று பெயர் சூட்டப்பட்ட சமையற்காரப் பெண்ணைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அடைத்து வைத்திருந்த தீவு அதுதான். 1952இல் அங்கிருந்த ரிவர்சைடு மருத்துவமனை, 21 வயதுக்குட்பட்ட ஹெராயின் அடிமைகளுக்கான நிலையமாகத் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடமும் உளவியல் சிகிச்சையும் சேர்ந்த, அக்காலத்துக்கு மிகவும் நல்லெண்ணம் கொண்ட முயற்சி. 1955இல் சேர்ந்த 247 பேரைப் பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் தேடிச் சென்று ஆராய்ந்தபோது ஏறக்குறைய எல்லோரும் ஹெராயினுக்குத் திரும்பியிருந்தனர். திரும்பாத ஒரு சிலரோ, தாங்கள் ஒருபோதும் அடிமையாக இருந்ததே இல்லை என்றனர். 1963இல் நிலையம் மூடப்பட்டது. அந்த 247 பேரில் இன்று நாம் ஏ.டி.எச்.டி. என்று அழைக்கும் இயல்புடையோர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு அப்போது அந்தப் பெயரே இல்லை.

அடுத்து வந்தது கடுமையின் காலம். 1958இல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடரிக் தொடங்கிய சினனான் சமூகத்தில் 'விளையாட்டு' என்றொரு சடங்கு இருந்தது. வட்டத்தில் அமர்ந்தோர் ஒருவரைக் குறிவைத்துக் கத்தியும் ஏசியும் அவரது பொய்களை உடைக்க வேண்டும். உடைந்தால்தான் புதிய மனிதன் பிறப்பான் என்பது கோட்பாடு. (அந்தச் சமூகம் பின்னர் ஒரு வழிபாட்டுக் கும்பலாகச் சீரழிந்ததும், 1978இல் தமக்கெதிராக வழக்காடிய வழக்கறிஞரின் தபால்பெட்டியில் சாரைப்பாம்பன்று, கொடுநஞ்சுடைய கிலுகிலுப்பைப் பாம்பையே போட்டுவைத்ததும் தனிக்கதை.) ஆனால் சினனானின் முறை சினனானோடு ஒழியவில்லை. 1963இல் நியூயார்க்கில் தோன்றிய டேடாப் போன்ற சிகிச்சைச் சமூகங்கள் அதைச் சற்றே மாற்றி ஏற்றுக்கொண்டன. 1976இல் ஃபுளோரிடாவில் பதின்வயதினருக்கென்றே 'ஸ்ட்ரெயிட்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் நாள்முழுதும் முதுகு நிமிர்த்தி நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். பேச அழைக்கப்படுவதற்காகக் கைகளை வெறிகொண்டாற்போல் வீசிக் காட்ட வேண்டும். அதற்கு அங்கே 'ஊக்கம் காட்டுதல்' என்று பெயர். 1983இல், விருப்பமின்றி அடைத்து வைக்கப்பட்ட கல்லூரி மாணவர் ஒருவருக்கு 2,20,000 டாலர் இழப்பீடு வழங்குமாறு நடுவர்குழு தீர்ப்பளித்தது. நிறுவனம் 1993இல் மூடப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு முரணை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆட்டிசம் உடைய பிள்ளைகள் மனம் கொந்தளிக்கும்போது கைகளை வீசுவது இயல்பு. பள்ளிகளும் சிகிச்சைக்கூடங்களும் பல்லாண்டுகள் அதை அடக்கவே பயிற்றுவித்தன. இங்கோ, வீசாத பிள்ளை திருந்த விரும்பாத பிள்ளை! உடம்பின் அசைவைக் கொண்டு உள்ளத்தை அளக்கும் அதே பிழை இரு பக்கமும் வேலை செய்திருக்கிறது.

இதே ஆண்டுகளில் இன்னொரு வரலாறு வேறொரு கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. வில்சனும் ஸ்மித்தும் சந்தித்த இரண்டே ஆண்டுகளில், 1937இல், ரோட் ஐலண்டு மாநிலத்தில் சிறுவர்களுக்கான மனநல இல்லம் ஒன்றின் மருத்துவரான சார்லஸ் பிராட்லி, 30 சிறுவர்களுக்குப் பென்சிட்ரின் என்னும் ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். கிளர்ச்சியூட்டும் மருந்து அச்சிறுவர்களில் பலரை அமைதிப்படுத்தியது. ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பள்ளிப்படிப்பில் வியப்பூட்டும் முன்னேற்றம். 1943இல் லியோ கானர் பால்ட்டிமோரிலிருந்தும் 1944இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வியன்னாவிலிருந்தும் ஆட்டிசம் பற்றி எழுதினர். 1944இல் செய்துகாணப்பட்ட மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்துக்கு வேதியியலாளர் பனிட்சோன் தம் மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டி ரிட்டலின் என்று பெயர் வைத்தார்.

குழந்தைகளுக்கான இம்மருத்துவமும் போதை அடிமைகளுக்கான மருத்துவமும் சுமார் அரை நூற்றாண்டுக்காலம் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவில்லை. காரணங்கள் எளியவை. மிகையியக்கம் பிள்ளைப்பருவத்துக் கோளாறு, மீசை முளைக்கும்போது போய்விடும் என்று நம்பினார்கள். 1968இல் அமெரிக்க உளமருத்துவர் கையேடு அதற்குக் 'குழந்தைப்பருவ மிகையியக்க எதிர்வினை' என்றே பெயரிட்டது. 1980இல்தான் கவனக்குறைவு பெயரில் முதலிடம் பெற்றது. 1987இல் இன்றைய பெயர் வந்தது. ஆட்டிசமோ பத்தாயிரத்தில் நான்கைந்து பேருக்கே வரும் அரிய நிலை என்று கருதப்பட்டது. தனித்திருப்பவன், விதிகளை மீறாதவன், கூட்டாளிகள் இல்லாதவன் எங்கே குடிக்கக் கற்கப்போகிறான் என்ற நினைப்பு வேறு. இவையெல்லாம் சேர்ந்து, மீட்பு நிலையத்தின் வாசலில் நின்ற இளைஞனிடம் அவன் குழந்தைப்பருவத்தைப் பற்றிக் கேட்கவே விடவில்லை.

முதல் சந்திப்பு 1983இல் நிகழ்ந்தது எனலாம். ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்டு கான்ட்சியன், கொக்கெயினுக்கு மிகக் கடுமையாக அடிமைப்பட்ட ஒருவர் மெத்தில்ஃபெனிடேட்டால் பெரிதும் தேறியதை அவ்வாண்டு எழுதினார். 1985இல் அவர் முன்வைத்த 'தனக்குத்தானே மருந்திடல்' கருதுகோள், ஒருவர் எந்தப் போதைப்பொருளை நாடுகிறார் என்பது அவருடைய எந்த வலியை அது ஆற்றுகிறது என்பதைப் பொறுத்தது என்றது. இக்கருதுகோளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எல்லாப் போதைக்கும் அது விடையாகாது. ஆனாலும் கேள்வி மாறியது. 'ஏன் நிறுத்த மறுக்கிறாய்?' என்பதற்குப் பதிலாக 'அது உனக்கு என்ன செய்து தருகிறது?' என்று கேட்க முடிந்தது. இரைச்சலான விருந்தில் நிற்க முடியாத ஆட்டிச இளைஞனுக்கு இரண்டு கோப்பை மது செய்து தருவதும், ஓயாது தாவும் மனத்துக்குக் கஞ்சா செய்து தருவதும் அப்போதுதான் பேசப்படும் பொருளாயின.

அதே 1983இல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், நார்வேயின் பெர்கன் நகருக்கருகே ஆலோசகர்களோடு உரையாடியதிலிருந்து உருவான ஒரு முறையைப் பற்றி எழுதினார். நோயாளியோடு மோதாமல், அவர் சொல்வதைக் கேட்டு, மாற்றத்துக்கான காரணத்தை அவர் வாயிலிருந்தே வரச்செய்யும் முறை அது. 1993இல் மில்லரும் உடன் ஆய்வாளர்களும், ஆலோசகர் எவ்வளவுக்கு மோதினாரோ அவ்வளவுக்கு ஓராண்டு கழித்தும் நோயாளி கூடுதலாகக் குடித்தார் என்று காட்டினர். சினனான் மரபுக்கு இது பேரடி. காரணம் காட்டிக் குடியனைத் திருத்த முனைவதன் பயனின்மையைக் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டாரே என்று நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். ஆனால் வள்ளுவர் அங்கே கைவிடுகிறார். மில்லர் வேறு வழி தேடினார்.

எனினும் மில்லரின் முறையும் பேச்சை நம்பியதே. இங்குதான் இலக்கணம் படித்தவனுக்கு ஒரு சொல் சொல்லத் தோன்றுகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறார். உள்ளத்து உணர்வு மெய்யில் படும், பார்ப்பவர் அறிவர் என்பது அதன் அடிப்படை. கவிதைக்கு அது பொருந்தும். மருத்துவமனைக்கு எப்போதும் பொருந்துவதில்லை. ஆட்டிசம் உடையவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தம் உணர்ச்சியை இன்னதென்று அறிந்து பெயரிடுவதே கடினமாக இருக்கிறது. இதற்கு 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்னும் மருத்துவர் 'அலெக்சிதைமியா' என்று பெயரிட்டார். உணர்வுக்குச் சொல்லின்மை என்று பொருள். அழுகையும் அச்சமும் முகத்தில் படாத ஒருவன், 'இப்போது எப்படி உணர்கிறாய்?' என்று கேட்டால் 'தெரியவில்லை' என்கிறான். அவன் மறைக்கவில்லை. மிகத் துல்லியமான விடையைத்தான் தந்திருக்கிறான். குறிப்பேட்டிலோ 'வருத்தம் இல்லை, ஒத்துழைப்பு இல்லை' என்று ஏறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் மறுவாழ்வு மையம் ஒன்றிலிருந்து பத்தே நாளில் இதே குறிப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்டான். குழுவில் அவன் வாய் திறக்கவே இல்லையாம். தேர்வுத்தாளில் கேட்ட கேள்விக்கு எட்டுப் பக்கம் எழுதக் கூடிய பையன் அவன். தாளும் பேனாவும் கொடுத்திருந்தால் எழுதியிருப்பான் என்று நான் சொன்னபோது அவனுடைய தந்தை, 'அப்படி ஒரு வழக்கம் அங்கே இல்லை ஐயா' என்றார்.

அறிவியல் ஒழுங்காகக் கணக்கெடுக்கத் தொடங்கியது மிகவும் பின்னால். 1994ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவருக்கே இருப்பதாகக் குறிக்க முடியாது. 2013இல் ஐந்தாம் பதிப்பில்தான் அத்தடை நீங்கியது. 2008இல் மாத்யூ டின்ஸ்லியும் சாரா ஹென்ட்ரிக்சும் ஆஸ்பெர்கர் நிலையையும் மதுவையும் பற்றி ஒரு நூல் எழுதினர். டின்ஸ்லி, குடியிலிருந்து மீண்ட பிறகே தாம் ஆட்டிச வகையினர் என்று அறிந்தவர். 2017இல் ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளிலிருந்து 26,986 ஆட்டிசம் உடையோரை ஆராய்ந்த கட்டுரை, போதை தொடர்பான சிக்கல்கள் அவர்களிடையே ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டது. ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்திருந்தோரிடம் இது இன்னும் மிகுதி. தனித்திருப்பவன் குடிக்கமாட்டான் என்ற பழைய நம்பிக்கை அத்தோடு சரிந்தது.

மருந்தின் கதை அவ்வளவு நேரானதன்று. சிறுவயதில் ஏ.டி.எச்.டி. மருந்து கொடுத்தால் பின்னாளில் போதை குறையும் என்று 2003இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று 2013இல் இன்னொன்று சொன்னது. 2011இல் அமெரிக்காவில் 13 முதல் 18 வயதுவரையான 303 பேரிடம் நடந்த சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லோரும் ஏ.டி.எச்.டி.யும் போதைப் பழக்கமும் உடையவர்கள். 16 வாரங்கள் எல்லோருக்கும் தனியாள் உளவியல் சிகிச்சை. பாதிப்பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. முதன்மை அளவுகோலில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. மருந்து வீண் என்று இதைப் படிப்பவர் உண்டு. நான் கவனித்தது வேறு. இரு பிரிவினருமே தேறினர். அவர்கள் முழுமையாகப் போதையை விட்ட பிறகுதான் சிகிச்சை என்று யாரும் வாசலில் நிறுத்தவில்லை. வட்டத்தில் உட்காரவைக்காமல் தனித்தனியாகப் பேசினார்கள்.

வாசலில் நிறுத்துவது சிறிய செய்தியன்று. போதையை விட்டுச் சில மாதங்கள் ஆனால்தான் ஏ.டி.எச்.டி. சோதனை என்று மனநலப் பிரிவு சொல்லும். போதையை விடுவதற்கான நிலையமோ நேரம் தவறாமல் வந்தால்தான் இடம் என்று சொல்லும். நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியாமைதான் அந்தப் பையனின் நோய்! மூன்று முறை வராவிட்டால் பெயர் நீக்கம். இந்த விதியை எழுதியவருக்குத் தீய எண்ணம் எதுவும் இருந்திருக்காது. கண் தெரியாதவருக்கு அச்சடித்த படிவம் கொடுப்பவருக்கு எவ்வளவு தீய எண்ணம் உண்டோ அவ்வளவுதான். 2020இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் உடன்பாட்டு அறிக்கை, பதின்வயதினரிடம் இரண்டையும் தேடிக் கண்டறியவும், ஒன்று முடியட்டும் என்று காத்திராமல் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சையளிக்கவும் பரிந்துரைத்தது.

மாற்ற வேண்டியவை வியக்கத்தக்க அளவுக்குச் சிறியவை. கூசும் குழல்விளக்கை அணைப்பது, முந்தைய நாள் கைப்பேசியில் நினைவூட்டல் அனுப்புவது, ஒரு மணிநேர அமர்வை இருபது நிமிடங்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு முறையும் அதே ஆலோசகர், அதே அறை. கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தாமல் இருப்பது. இவற்றைவிட மொழியை மாற்றுவது கடினம். மீட்பு மருத்துவத்தின் மொழி முழுக்க உருவகங்களால் ஆனது. 'அடிமட்டத்தைத் தொட்டாயா?' என்று கேட்டால், சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் இளைஞன் எந்த அடிமட்டம் என்று கேட்பான். கிண்டல் செய்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். 'வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நண்பன் பாட்டிலை நீட்டினால் என்ன சொல்லுவாய்? அதை எழுதிக்கொள்' என்றால் அவனுக்கு வேலை இருக்கிறது. உருவகத்தைக் கற்பித்தே பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதைச் சொல்ல ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது.

சொல் என்று வந்ததால் நம் சொல்லையும் பார்த்துவிடலாம். 1990களின் இறுதியில் ஆட்டிசம் உடையோரின் உரையாடல்களுக்கிடையே பிறந்து, 1998இல் அச்சேறிய 'நியூரோடைவர்சிட்டி' என்ற சொல், மூளைகள் பலவகை, ஒன்று மட்டுமே ஒழுங்கானதன்று என்ற கருத்தைத் தாங்கியது. அதை நரம்பியல் பன்மை எனலாம். ஆட்டிசத்துக்கு நாம் புனைந்த சொல்லோ 'மதியிறுக்கம்'. இறுகிய மதிக்குள் எதுவும் புகாது என்று சொல்லே தீர்ப்பளித்துவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. கேட்டுப் பெறுவதற்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

பெர்கனில் தொடங்கிய கேட்கும் மரபு நார்வேயிலேயே இன்னொரு படி சென்றதை 2019இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் காண்கிறோம். ஆட்டிசமும் போதைப் பழக்கமும் உடைய நால்வருக்கு, வழக்கமான போதை மருத்துவ நிலையங்களிலேயே சிகிச்சை அளித்தார்கள். புதுக் கட்டடம் எழுப்பவில்லை. ஆட்டிச வல்லுநரைப் பணியமர்த்தவும் இல்லை. அங்கிருந்த ஆலோசகர்களுக்கே ஆட்டிசம் பற்றிக் கற்பித்து, மாதந்தோறும் கூடி, 'இந்த வாரம் அவர் ஏன் அப்படிச் சொன்னார்?' என்பது போன்ற ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வழிசெய்தார்கள். உளவியல் சிகிச்சையை இன்னும் வெளிப்படையாகவும் ஒழுங்குபடுத்தியும் நடத்தினார்கள். முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது. நால்வரைக் கொண்டு பெரிய முடிவு எதுவும் சொல்லக்கூடாது, ஆய்வாளர்களும் சொல்லவில்லை. ஆனால் அந்த நால்வரில் ஒருவரையும், பேசவில்லை என்பதற்காக யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.